பரீட்சை வைக்காத டாக்டரம்மா

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, செவிலியர்களே, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, தொலைவிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் மகளே, எங்கள் பகல் கூடத்துப் பெரியவர்களே, அவர்களைக் கைபிடித்து அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். மறதி நோய் ஆராய்ச்சியின் முன்னோடி என்றார்கள். முதியோருக்கு ஒளிவிளக்கு என்றார்கள். அந்த அழகு எனக்கு வராது. எனக்குத் தொண்டை வரைக்கும் கசந்து கிடக்கிறது. இரங்கல் கூட்டத்தில் கசப்பைக் கொட்டலாமா என்று நீங்கள் கேட்கலாம். வேறு எங்கே கொட்டுவது? அவர் உயிரோடு இருந்தபோது யாரும் கூட்டம் போட்டு என் கையில் மைக்கைக் கொடுக்கவில்லையே.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நானும் டாக்டர்தான். டாக்டரம்மாவின் அறைக்கு அடுத்த அறை என்னுடையது. அதனால் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "பக்கத்து ரூம், கொஞ்சம் வாங்க" என்பார். நோயாளிகளும் அப்படியே பழகிவிட்டார்கள். என் மனைவிக்குக் கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

டாக்டரம்மா ஆயுள் முழுக்க எதை ஆராய்ந்தார்? மூளையின் படங்களையா? அதையும்தான். ஆனால் அவர் மல்லுக்கட்டியது ஒரே ஒரு கேள்வியோடு. மறதி வந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போகிறோம். போனதும் என்ன செய்கிறோம்? முகத்துக்கு நேரே முகத்தை நீட்டி, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் சத்தமாக, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்கிறோம். மகன் கேட்கிறான். மருமகள் கேட்கிறாள். எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார். கேஸ் சிலிண்டர் போட வந்தவரும் தன் பங்குக்குக் கேட்டுவிட்டுத்தான் போகிறார். அந்த மனிதர் விழிப்பார். சிரித்துச் சமாளிப்பார். நாம் உச்சுக்கொட்டிவிட்டு வெளியே வந்து, "ஐயோ, எப்படி இருந்த மனுஷன்" என்போம், அவர் காதில் விழும்படியாகவே.

டாக்டரம்மா வீடு வீடாகப் போனார். ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, விருந்தாளிகள் வருவதையும் போவதையும் கவனித்தார். கேள்வி கேட்டுவிட்டுப் போன நாள்களில் பெரியவர்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தான் யார் என்று தானே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வந்துபோன வீடுகளில் அந்தக் கலவரம் இல்லை. இதைத்தான் அவர் எழுதினார், சளைக்காமல் எழுதினார். எழுதியதோடு நிற்காமல், மறதி வந்த பெரியவர்கள் பகலெல்லாம் இருந்துவிட்டுப் போக நம் பகல் கூடத்தைத் திறந்தார். அங்கே ஒரே ஒரு சட்டம். உள்ளே வருகிறவர் தன் பெயரையும் உறவையும் தானே சொல்ல வேண்டும். கேள்வி கூடாது. "பரீட்சை ஒழிச்ச டாக்டரம்மா" என்று ஊழியர்கள் நாங்கள் கேலி செய்தோம். அவருக்கு அந்தப் பட்டம் ரொம்பப் பிடித்திருந்தது.

சோதனையே வேண்டாம் என்றவர் அல்ல அவர். நோயைக் கண்டுபிடிக்கச் சோதிக்கத்தான் வேண்டும். அதைத் தன் அறையில், கதவைச் சாத்தி, அனுமதி கேட்டு, மெல்லிய குரலில் செய்வார். "பரீட்சைக்கு ஒரு அறை, வாழறதுக்கு ஒரு அறை. ரெண்டையும் கலக்காதீங்க" என்பார்.

ஓய்வுபெற்ற ஒரு வங்கி மேலாளர், மறதி வந்தவர், நம் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவருடைய இளைய மகன் வாராவாரம் வருவார், "அப்பா, நான் யாரு?" என்பார், பதில் வராது, அழுவார். டாக்டரம்மா அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "தம்பி, உங்கப்பாவுக்கு வாராவாரம் பரீட்சை வைக்கிறீங்க. நீங்களே பெயில் ஆக்குறீங்க. அப்புறம் நீங்களே அழறீங்க. அவர் யார்கிட்டப் போய் அழுவார்?" என்றார். அடுத்த வாரம் அந்த மகன் வந்தார். "அப்பா, நான் உங்க சின்னவன், உங்களைப் பார்க்க வந்தேன்" என்றார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதான் தெரியுதே, அதை ஏன் சொல்லிக்கிட்டு நிக்கிற? உட்காரு" என்றார். கூடமே சிரித்தது. உண்மையில் தெரிந்ததா, தெரியாதா? டாக்டரம்மாவிடம் அதைக் கேட்டேன். "அது நமக்கெதுக்கு? உட்காருன்னு சொன்னாரில்ல" என்றார்.

அப்படிப்பட்டவருக்கே அந்த நோய் வந்தது. அதை முதலில் கண்டுகொண்டவரும் அவர்தான். ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "பக்கத்து ரூம், எனக்கு வார்த்தை வாய்க்கு வரமாட்டேங்குது. என்னன்னு எனக்குத் தெரியும். மருந்து, ஸ்கேன் எல்லாம் நீங்க பார்த்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்கிறேன். எனக்கு யாரும் பரீட்சை வைக்கக் கூடாது." அவ்வளவுதான் அவர் கேட்டது. நாற்காலி கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. இதை நான் துறைக் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு பாராட்டு விழா வைத்தார்கள். இதே அரங்கம், இதே மேடை. கேடயம் கொடுத்தார்கள். இயக்குநர் அவர்கள், அவருடைய முதல் மாணவர், மைக்கோடு அவர் அருகே குனிந்தார். "மேடம், என்னைத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். டாக்டரம்மா அவரையே பார்த்தார். பிறகு, "தெரியலைன்னு சொன்னா மார்க்கைக் குறைப்பீங்களா?" என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். எவ்வளவு நகைச்சுவை உணர்வு என்று மெச்சினீர்கள். ஐயா, இயக்குநர் அவர்களே, நீங்கள் கெட்டவர் அல்ல. பாசத்தில்தான் கேட்டீர்கள். அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அவருடைய எழுத்தை வரிவரியாகப் படித்த மாணவரே கேட்டால், படிக்காத ஊர் என்ன செய்யும்?

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவர் தன் கணவரிடம் ஒன்று கேட்டாராம்.

"நான் பெயிலா?"

அதற்குப் பிறகு அவர் வெளியே வரவில்லை. அழைப்பு மணி அடித்தால் உள் அறைக்குப் போய்விடுவார். அங்கே கட்டிலில் உட்கார்ந்து நம் பெயர்களை நெட்டுரு போடுவாராம். பரீட்சைக்குப் போகும் பிள்ளை வாசலில் நின்று முணுமுணுக்குமே, அப்படி. இயக்குநர் பெயர், செவிலியர் பெயர், என் பெயர். என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடாதவர், என் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அதுவும் தப்பாக. அவருடைய கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். ஆயுள் முழுக்கப் பிழை திருத்திச் சம்பளம் வாங்கிய அந்த மனிதர், மனைவியின் பேச்சில் ஒரு பிழையையும் திருத்தவில்லை. வந்தவர்களிடம் "அவ தூங்குறா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். நாமும் நிம்மதியாகத் திரும்பினோம். பிறகு வருவதையே நிறுத்தினோம்.

இன்றாவது நாம் திருந்தினோமா? காலையில் வாசலில், நம் மருத்துவர் ஒருவர் அந்தக் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், என்னைத் தெரியுதா?" என்றார். அவருக்கு நினைவு நன்றாகத்தான் இருக்கிறது. வயதானவரைக் கண்டாலே நம் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

இப்போது இயக்குநர் அவர்கள் இந்த மேடையில் அறிவித்ததற்கு வருகிறேன். டாக்டரம்மாவின் பெயரில் நினைவுத்திறன் சோதனை மையம் அமைக்கப் போகிறோம், அதற்குப் பகல் கூடத்தை எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்றார். கை தட்டினீர்கள். யோசித்துத்தான் தட்டினீர்களா? பரீட்சை ஒழித்தவரின் பெயரில் ஒரு பரீட்சைக் கூடம். அதுவும் அவர் பரீட்சையை ஒழித்த அதே கூடத்தில். ஜன்னலோரம் துண்டு மடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களை எழுப்பிவிட்டு, அங்கே மேசை போட்டு, இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு என்று கேட்கப் போகிறோம். மையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாடியில் வையுங்கள், என் அறையை எடுத்துக்கொள்ளுங்கள், இன்றே காலி செய்து தருகிறேன். கூடத்தைத் தொடாதீர்கள். அவர் பெயரைத் தொடாதீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் கணவர் சற்று முன்னால் என் காதில் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன்: "அவ பேரை அந்தக் கதவுல மாட்டினா, நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டுவேன்." அந்த ஸ்டூலை நான் பிடித்துக்கொள்வேன்.

நாளைக் காலை அந்தக் கூடத்தின் கதவை நான் திறப்பேன். மறுநாளும் திறப்பேன். வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிவிட்டு வர வேண்டும் என்ற சட்டம், நான் நிற்கும் வரை நிற்கும். பூட்டுப் போடுவதென்றால், உள்ளே நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதுதான் போட வேண்டியிருக்கும். இது நான் உங்கள் முன்னால் கொடுக்கும் வாக்கு.

கடைசியாக ஒன்று. வழக்கம்போல் எழுந்து நின்று மௌனமாக இருந்துவிட்டுக் கலைய வேண்டாம். வரிசையாக அவர் படத்தின் முன்னால் வாருங்கள். நீங்கள் யார் என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள். அவரைப் பார்க்க வந்த யாரும் அவருக்கு அதைச் செய்யவில்லை. முதலில் நான் போகிறேன்.

டாக்டரம்மா, நான் பக்கத்து ரூம். உங்களைப் பார்த்துட்டுப் போக வந்தேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.