வெறும் கேஸ்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை, ஐயா. எனக்கு அது நிறையவே உண்டு. சுவரில் கொண்டுபோய் இடித்தவர்களைக்கூட நான் கடிந்து பேசியதில்லை. பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். எடுத்ததற்கெல்லாம் நான் அதை மிதிக்க மாட்டேன். தப்பு செய்கிறவனுக்கு அது உறைக்க வேண்டாமா?

என் மனைவிக்கு வயிற்று வலி வந்தபோது தெருமுனை டாக்டரிடம் போனோம். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்லம்மா, வெறும் கேஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். போகப் போக அவள் இளைத்தாள். ரத்தம் போகிறது என்று போய்ச் சொன்னோம். அப்போதும் அதே கேஸ், அதே மாத்திரை. "வீட்டுக்காரர்தான் ரொம்பப் பயப்படுறார்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். முடிவு வாங்க நான் மட்டும் போனேன். குடலில் புற்றுக்கட்டி.

"முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும். பரவாயில்ல, இப்ப ஆபரேஷன் பண்ணா பொழச்சுக்குவாங்க. தள்ளிப்போடாதீங்க" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்த மனிதர் சிரித்துக்கொண்டே இருப்பார் என்றுதானே.

அங்கிருந்து நேராக வக்கீலிடம் போனேன். நோட்டீஸ் அனுப்பலாம், மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நிதானமாக விளக்கினார். என் மனைவி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஆபரேஷன் செய்தால் குணமாகிவிடுமாம் என்றேன்.

"நல்ல சேதிதானே சார். ஆனா தாமதத்தால அப்படி என்ன பாதிப்புன்னு கேப்பாங்க. கேஸ் நிக்காது. முதல்ல அவங்கள கவனிங்க."

டாக்டர் கேஸ் என்கிறார், வக்கீல் கேஸ் இல்லை என்கிறார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டாள். கையில் என் சட்டை.

"ஒண்ணுமில்லம்மா. வெறும் கேஸ்தான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன். நீங்கதான் ஊரைக் கூட்டுறீங்க."

டாக்டரம்மா போன் செய்து விசாரித்தார். வேறு இடத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். அவளை நான் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன், ஐயா. ஒத்தடம் கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்பாள். எனக்குக் கண் கலங்கிவிடும்.

அவள் கண்ணை மூடிய பிறகு கேஸ் நின்றது. அந்த மனிதர் கூண்டில் ஏறித் தலைகுனிந்து நின்றார். சிரிக்கவில்லை. அவரது வக்கீல் டாக்டரம்மாவைச் சாட்சிக்கு அழைப்பார் என்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. என்னிடம் சொன்னதை அந்தம்மா அப்படியே ஒப்பித்துவிட்டார். அதனால்தான் இப்போது இந்த ஸ்டேஷனில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

தெரிந்தேதான் விட்டேன். என் காலடியில் பிரேக் இருந்தது, மிதிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டியை ஓட்டியது அவர். அவளிடம் ஒண்ணுமில்லை என்று முதலில் சொன்னதும் அவர்தான், ஐயா. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.