ஆறு நிமிஷ நடை

— இல்லப்பா, இது பந்தயம் இல்ல. எத்தனை தடவ சொல்றது? ஆறு நிமிஷம், உங்களால முடிஞ்ச அளவுக்கு நடக்கணும். அவ்வளவுதான்.

— பந்தயம் இல்லேன்னா அந்தத் தம்பி கையில ஸ்டாப்வாட்ச் எதுக்குடி பாப்பா?

— ஐயா, நான் சொல்றேன் கேளுங்க. நான்தான் இந்த ஆஸ்பத்திரியில பிசியோதெரபிஸ்ட். இந்த வராண்டா கடைசியில ஆரஞ்சு கலர்ல ஒரு கூம்பு வெச்சிருக்கேன், தெரியுதா? இங்க இன்னொண்ணு. ரெண்டையும் சுத்திச் சுத்தி நடக்கணும். மூச்சு வாங்கினா நிக்கலாம், சுவத்துல சாஞ்சுக்கலாம். ஓடக் கூடாது.

— ஓடுற பஸ்ஸுல ஆயுசு பூரா நின்னவன் தம்பி நான். கண்டக்டர். கம்பியைப் பிடிக்காம டிக்கெட் கிழிப்பேன். என்னைப் போய் நடக்கச் சொல்லிப் பார்க்கிறீங்களே!

— அது அப்போ. இப்போ நம்ம வீட்டு மாடிப்படி ஏற முடியாம நடுவுல உட்கார்ந்துடுறீங்க.

— மூச்சு வாங்கியா உட்கார்றேன்? கீழ் வீட்டுக்காரனோட நாலு வார்த்தை பேசத்தான்.

— விரலை நீட்டுங்க ஐயா, கிளிப் மாட்டணும். ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு இது காட்டும். நெஞ்சு வலி ஏதும் இருக்கா?

— நெஞ்சு வலிக்கல, மனசுதான் வலிக்குது. பெத்த பொண்ணே கொண்டுபோய் முதியோர் இல்லத்துல தள்ளப் பார்க்குறா.

— அப்பா! வெளி ஆள் முன்னாடி ஏம்பா இப்படி?

— கேட்கட்டுமே. தம்பி, நீங்களே நியாயம் சொல்லுங்க. என் பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. எனக்கு இருக்கிறது இவ ஒருத்தி. கல்யாணமே வேணாம்னுட்டா, அதனால இவளுக்கும் நான் ஒருத்தன்தான். வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் பாரமாம்.

— பாரம்னு நான் என்னிக்குச் சொன்னேன்?

— வாயைத் திறந்து வேற சொல்லணுமா? அன்னிக்கு அந்த இடத்தைப் போய்ப் பார்த்தோமே. வரிசையா கட்டில். ஒரு மனுஷன் சுவத்தையே பார்த்துக்கிட்டுக் கிடக்கான். நீ என்னடான்னா தலையணையை அமுக்கிப் பார்க்குற. குழாயைத் திறந்து வெந்நீர் வருதான்னு பார்க்குற. ராத்திரி மணி அடிச்சா யார் வருவாங்கன்னு விசாரிக்குற. எப்படா இவனைக் கழட்டி விடலாம்னு அவ்வளவு அவசரம்!

— மேடம், அங்க தானா நடமாட முடியாதவங்களைத்தானே சேர்த்துக்குவாங்க?

— ஆமா. அதுக்குத்தான் இந்த டெஸ்ட் கேட்டிருக்காங்க. ஒரே ஒரு கட்டில்தான் காலி. விட்டா வேற ஆளுக்குப் போயிடும்.

— இருங்க தம்பி. அப்போ நான் நல்லா நடந்துட்டா?

— நல்லா நடந்தா அங்க எடுத்துக்க மாட்டாங்க ஐயா.

— இது போதும் எனக்கு! எங்க நிக்கணும்? இந்தக் கோட்டுலயா?

— அப்பா, மெதுவாப் போங்க. எங்கேயாவது விழுந்து வைக்காதீங்க.

— மேடம், நீங்க அந்த பெஞ்சுல உட்காருங்க. உங்க முகமே வாடிக் கிடக்கு.

— ஆபீஸ்ல வேலையாம், வேலை. பாதியா இளைச்சுட்டா. கேட்டா எரிஞ்சு விழுறா.

— மேடம், உங்களை இங்க எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே? ரெண்டாவது மாடியில, மருந்து ஏத்துற ரூம்ல...

— இருக்காது.

— இல்ல மேடம், போன வாரம்கூட...

— இருக்காதுன்னு சொல்றேன்ல? ஆரம்பிங்க.

— சரி. ஐயா, ரெடியா? நடங்க.

— போலாம் ரைட்!

— நல்லா நடக்கிறீங்க ஐயா. அப்படியே போங்க.

— பாப்பா, திரும்புனதைப் பார்த்தியா? சின்னப் பையன்கூட இப்படித் திரும்ப மாட்டான்.

— பேசாம நடங்க. மூச்சு வீணாப் போகுது.

— இந்த மாசம் பூரா... நீ வேலைக்குப் போனதும்... மாடிப்படி ஏறி ஏறி இறங்கினேன். உனக்குத் தெரியுமா? கைப்பிடியைத் தொடாம.

— யாரைக் கேட்டுச் செஞ்சீங்க? வீட்டுல யாருமில்லாத நேரத்துல விழுந்திருந்தா?

— விழலையே!

— மேடம், நடக்கிறவர்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்க.

— தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க. அவருக்குக் கேட்க வேணாம். நடந்த தூரத்தை... கொஞ்சம் குறைச்சு எழுத முடியுமா?

— என்ன கேக்குறீங்க மேடம்?

— உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.

— பெத்தவங்க நல்லா நடந்தா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. நீங்க என்னடான்னா... மன்னிச்சுக்குங்க. அவர் நடந்ததைத்தான் நான் எழுதுவேன்.

— அங்க என்ன... குசுகுசுன்னு?

— ஒண்ணுமில்ல ஐயா. பாதிக்கு மேல வந்துட்டீங்க. கொஞ்சம் நில்லுங்க, உதடு நீலமாகுது.

— நிக்க... மாட்டேன்.

— ஆக்சிஜன் இறங்குது. சுவத்தையாவது பிடிங்க.

— சுவத்தைப் பிடிச்சா... என்னை அங்க... அனுப்பிடுவா.

— அப்பா, நில்லுங்க! எனக்காக நில்லுங்கப்பா!

— நான் நின்னுட்டா... உனக்கு வசதின்னு... எனக்குத் தெரியாதா?

— தள்ளாடுறாரு பாருங்க! தம்பி, நிறுத்துங்களேன்!

— ஐயா, நிறுத்திடலாமா?

— பாப்பா, கையைத் தொட்டே... கெட்ட கோபம் வரும். விடு. என் வீடு... என் கட்டிலு... அதை விட்டுட்டு... எங்கேயும் போக மாட்டேன்...

— அப்பா, செருப்பு கழண்டுடுச்சு!

— கிடக்கட்டும்...

— அவ்வளவுதான் ஐயா! முடிஞ்சுது, அங்கேயே நில்லுங்க. மேடம், அந்த நாற்காலியைத் தள்ளுங்க, சீக்கிரம். உட்காருங்க ஐயா. முன்னால குனிங்க. உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. இன்னொரு தடவ.

— எவ்வளவு... தம்பி?

— மொதல்ல மூச்சு விடுங்க. ம்... நம்பர் ஏறுது. பயமில்ல.

— எவ்வளவுன்னு... கேட்டேன்.

— உங்க வயசுக்கு நல்ல தூரம்தான். அவங்க வெச்சிருக்கிற அளவைத் தாண்டிட்டீங்க.

— அப்போ?

— அங்க இடம் கிடைக்காது.

— பாப்பா! கேட்டுச்சா?

— கேட்டுச்சுப்பா.

— தம்பி வாயாலயே சொல்லட்டும், அப்பத்தான் நீ நம்புவ. தம்பி, இந்த வண்டி இன்னும் எத்தனை காலம் ஓடும்?

— அதை நான் சொல்ல முடியாது ஐயா. மருந்தை விடாம சாப்பிட்டு, தினம் கொஞ்சம் நடந்தா, பல வருஷம் நல்லா இருக்கலாம். ஆனா ஒண்ணு. பக்கத்துல எப்பவும் ஒரு ஆள் வேணும். இப்போ ஆக்சிஜன் இறங்குச்சே, இந்த மாதிரி வந்தா தனியா சமாளிக்க முடியாது.

— அதுக்கென்ன, இவ இருக்காளே! திட்டிக்கிட்டே இருந்தாலும் ஒரு குரல் குடுத்தா ஓடி வந்துடுவா. என்ன பாப்பா, மூஞ்சியை மூடிக்கிற? அட, அழுறியா? பாருங்க தம்பி இந்த அநியாயத்தை. அப்பன் பல வருஷம் இருப்பான்னு கேட்டு அழுற பொண்ணை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? சொல்லுடி. நான் இருக்கிறது உனக்கு அவ்வளவு கஷ்டமா?

— நீங்க இருப்பீங்கப்பா. நான்தான் இருக்க மாட்டேன்.