கட்டை முப்பத்தெட்டு

இல்லை அண்ணை, அமத்தாதேங்கோ. அமத்தினாலும் உது பூட்டாது. மடியிலை வைச்சு அந்தப் பேப்பரை மேலாலை போடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடியிற நேரம். ஆர்ச்வே ரோட்டாலை எங்கட சனம்தான் முழுக்கப் போகும். கார் கண்ணாடிக்குள்ளாலை எட்டிப் பாத்து, தம்பி இராஜேந்திரன், ஏனப்பு உள்ளுக்கை வராமல் இருக்கிறாய், சாப்பிட்டாச்சோ எண்டு உங்களைக் கேக்காமல் போகாயினம்.

வசந்தமலர் அன்ரியின்ரை குரல்தான், சரியா வந்திட்டுது என்ன. சிரிக்கலாம் அண்ணை, பிழையில்லை.

ஓம், விசயத்துக்கு வாறன். பிளேஸ்டோவிலை உதை உங்களுக்கு வித்தவன் என்ன சொன்னவன்? முப்பத்தெட்டு. நீங்கள் பிறகு தேடி வாங்கின ரவைப் பெட்டியிலை என்ன போட்டிருக்கு? அதிலையும் முப்பத்தெட்டு. இலக்கம் ஒண்டெண்டா சாமானும் ஒண்டெண்டு நினைச்சிட்டியள். எங்கட ஆக்கள் அப்பிடித்தான். பஸ் இலக்கம் சரியெண்டா ஏறி இருந்திடுவினம், எந்தப் பக்கம் போகுதெண்டு கேக்காயினம்.

உங்கட மடியிலை கிடக்கிறது பழைய இங்கிலீஸ் ஆமியின்ரை றிவோல்வர். நடுவாலை மடியிற சாதி. அதுக்குப் போறது கட்டை முப்பத்தெட்டு. ஆள் கட்டை, கொஞ்சம் மொத்தம். நீங்கள் வாங்கினது ஸ்பெஷல் எண்டு சொல்லுறது, அது நீட்டு முப்பத்தெட்டு. மெலிஞ்சது, ஆனா நீளம். அதுதான் முழுசா இறங்காமல் முட்டிக்கொண்டு நிக்குது.

எனக்கு என்னெண்டு தெரியுமோ? சட்டனிலை என்னோடை படிக்கிற கத்தரின் எண்ட வெள்ளைக்காரப் பெட்டையின்ரை தாத்தா பிஸ்டல் கிளப்பிலை இருந்தவர். கைத்துவக்கெல்லாத்தையும் பொலிசிலை குடுக்கச் சொல்லி இந்த வருசம் சட்டம் வந்திட்டுதெல்லோ, மனுசனுக்குப் பேய்க்கோவம். துவக்கைக் குடுத்திட்டார், கதையைக் குடுக்கேல்லை. தேத்தண்ணியை வைச்சிட்டு இப்பிடி மூக்காலை தொடங்குவார். பெடியா, மக்னம் எண்டது கையை முறிக்கும், சுவருக்கு அங்காலை நிக்கிறவனையும் கொல்லும். ஸ்பெஷல் குணமான பிள்ளை, நேராப் போகும், எந்தக் கடையிலையும் கிடைக்கும். கட்டை முப்பத்தெட்டை இப்ப ஒருத்தரும் தேடுறேல்லை. அது மெதுவாப் போறது. ஆனா கேட்டுக்கொள், மெதுவாப் போறது அங்காலை போகாது. உள்ளுக்கையே தங்கியிடும்.

அதைச் சொல்லிப்போட்டு பிஸ்கற்றை நனைச்சுச் சாப்பிடுவார்.

எது திறம் எண்டு கேட்டனீங்கள். திறம் பாக்கிற கதையே இல்லை அண்ணை. கடையிலை கிடைக்கிறது உங்களுக்குச் சரிவராது, சரிவாறது கடையிலை இல்லை. தாத்தாவின்ரை தேயிலை ரின்னுக்கை கட்டை ரவை ஆறு கிடந்தது. ஓம், எடுத்தனான். உங்களுக்கெண்டுதான் எடுத்தனான். பொறுங்கோ, முதல் ஒண்டு கேக்கவேணும்.

சிவானந்தன் அங்கிள்தான் எண்டு என்னெண்டு அவ்வளவு நிச்சயமாச் சொல்லுறியள்?

ஓம், சொன்னனீங்கள்தான். ஊரிலை ஆமி சுத்தி வளைச்சு, எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்திலை வரிசையா விட்டது. ஜீப்புக்குள்ளை தலையிலை சாக்குப் போட்டபடி தலையாட்டி. அவன் ஆரைப் பாத்துத் தலையை ஆட்டினாலும் அந்த ஆள் முடிஞ்சுது. உங்கட தம்பி காண்டீபனுக்கும் ஆட்டினவன், காண்டீபன் பிறகு வரேல்லை. சாக்குக்கை முகம் தெரியாது, ஆட்டின விதம்தான் தெரிஞ்சது. பத்து வருசம் கழிச்சு இந்தக் கோயில் அன்னதானத்திலை, இன்னும் சோறு போடவோ எண்டு கேக்க, ஒருத்தர் அதே மாதிரித் தலையை ஆட்டுறார்.

நான் ஆக்களைப் பாத்து அவையை மாதிரிச் செய்து காட்டுறவன் அண்ணை, தலையாட்டு எனக்குப் பாடம். கோயில் தலைவர் சபாரத்தினம் ஐயா கழுத்தை ஆட்டமாட்டார், வயிறுதான் ஆடும். சிவானந்தன் அங்கிள் நாடியை ஒருக்கா இடப்பக்கம் எறிஞ்சிட்டு, பிறகு கீழை. இப்பிடி.

சரி. சரி அண்ணை, இனிச் செய்யேல்லை. கையை எடுங்கோ, சேட்டு கிழியப்போகுது.

ஆனா எங்கட வகுப்பிலை ஒரு கானா நாட்டுப் பெடியனும் அப்பிடித்தான் ஆட்டுறான். அதுதான் யோசிச்சன். இலக்கத்தை நம்பிப் பெட்டியை வாங்கின மனுசன், ஆட்டத்தை நம்பி ஆளைப் பிடிச்சிருந்தா?

நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது என்னத்துக்கு? சபாரத்தினம் ஐயாவின்ரை குரலிலை ரெலிபோன் எடுத்து, அங்கிளை இந்தப் பக்கம் தனிய வரப்பண்ண. பகிடி எண்டு சொன்னியள். பகிடி எண்டா நான் விடுவனே. துவக்கைக் காட்டினாப் பிறகும் பகிடி எண்டுதான் இருந்தனான், நீங்கள் காண்டீபன்ரை பேரைச் சொல்லும் வரைக்கும்.

காலமை ஸ்டேசனடி ரெலிபோன் பூத்திலை இறக்கி விட்டனீங்கள், எடுத்தனான். ஆனா ஐயாவின்ரை குரலிலை இல்லை. உங்கட குரலிலை. சிவானந்தன், நான் காண்டீபன்ரை தமையன், என்னட்டைத் துவக்கு இருக்கு, இண்டைக்குக் கோயில் பக்கம் வராதை எண்டு. பிழையான ஆளெண்டா, எந்தக் காண்டீபன், விசரே உனக்கு எண்டு ஏசுவார். பொலிசுக்கு ரெலிபோன் அடிப்பார். நானும் உங்களிட்டை வந்து, அண்ணை, ஆள் மாறிப்போச்சு, வாங்கோ வீட்டை போவம் எண்டு சொல்லலாம்.

ஏசேல்லை.

பின்னாலை பிள்ளை கார்ட்டூன் பாக்கிற சத்தம் கேட்டது. பிறகு, எங்கை வர எண்டு கேட்டார்.

எங்கை வர... இல்லை. எங்கை... அந்தக் குரல் எனக்கு வருகுதில்லை அண்ணை. காலமை தொடக்கம் செய்து பாக்கிறன்.

நான் என்ன செய்ய, உங்கட குரல்தான் வாய்க்குள்ளை நிண்டது. கோயிலுக்குக் கீழை, நீலக் கார் எண்டிட்டன்.

அந்த ஆறுமோ? ஸ்டேசனிலை எறிவமெண்டு பாத்தன், குண்டு வைப்பாங்கள் எண்டு இந்த ஊரிலை குப்பைத்தொட்டியெல்லாம் கழட்டிப்போட்டாங்கள். பிறகு கால் கழுவிப்போட்டு வாறன் எண்டு கோயிலுக்கை போனனெல்லோ. உண்டியலுக்கை போட்டிட்டன், ஒவ்வொண்டா. திறக்கேக்கை சபாரத்தினம் ஐயா இப்பிடி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பார், ஆரப்பா முருகனுக்கு இப்பிடியும் நேத்தி வைச்சது எண்டு.

அடிக்கிறதெண்டா அடியுங்கோ, ஆனா கெதியா. கண்ணாடியைப் பாருங்கோ, பஸ் தரிப்பைத் தாண்டி மண்ணிறக் கோட்டோடை வாறது அவர்தான். தனியத்தான் வாறார். அவர் ஏற, பின்கதவு திறந்துதான் கிடக்கு.

இல்லை அண்ணை, அவருக்கு அதைச் சொல்லேல்லை. துவக்கு வெறுமை எண்டு அவருக்குத் தெரியாது.