வெற்று வானம்

நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் வெயில் உங்கள் கண்ணில் அடிக்கிறது. விசாரணை என்றதும் இரண்டு மூன்று பேராவது வருவார்கள் என்று நினைத்தேன். பரவாயில்லை, எனக்கும் அவசரமில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொலைநோக்கியில் உள்ள கருவி ஒரு விண்மீன் மண்டலத்தைப் படம் மட்டும் பிடிப்பதில்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஒரு நிறமாலையும் தரும். கூடவே நம் வானத்தின் சொந்த வெளிச்சமும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் படத்தின் ஓரத்தில் ஒன்றுமே இல்லாத இடம் ஒன்றைப் பிடித்து, அங்குள்ள வெளிச்சத்தை எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் மண்டலத்தின் ஒளி. இந்த ஆய்வகத்தில் அதை என்னைவிடச் சுத்தமாகச் செய்ய ஆள் கிடையாது. தற்பெருமை இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

என் தங்கையும் இங்கேதான் வேலை பார்த்தாள். ஒரு மண்டலத்தைச் சுற்றி மங்கலான வாயுப் படலம் இருப்பதாகக் கண்டுபிடித்தாள். நிறமாலையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிய ஒரு கோடு, அதுதான் சாட்சி. அது உறுதியானால் அவளுக்கு நிரந்தர வேலை.

"சின்னவ எங்கயோ போயிட்டா, பெரியவன் இன்னும் கழிச்சிட்டே உக்காந்திருக்கான்" என்று வீட்டில் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அதற்காகச் செய்யவில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பின்னால் விழுந்தால் அடி பலமாக இருக்குமே என்றுதான் கவலைப்பட்டேன்.

வேறொருவர் சரிபார்க்கட்டும் என்றார் இயக்குநர். "எங்க அண்ணனே பாக்கட்டும் சார், அவர் கையில தப்பு வராது" என்றாள் அவள். யாரும் மறுக்கவில்லை. கூடப்பிறந்தவன் கெடுதலா செய்வான்?

வெற்று வானம் என்று நான் பிடித்த இடம் அந்தப் படலத்தின் மேலேயே இருந்தது. அவ்வளவுதான். படலத்தின் ஒளி தன்னையே கழித்துக்கொண்டது, கோடு போன இடம் தெரியவில்லை. புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் செய்கிற தவறு அது. இடத்தை அவள் பார்க்கமாட்டாளா என்று கேட்பீர்கள். இங்கே எல்லோருக்கும் அந்த இடத்தைப் பிடித்துக் கொடுப்பது நான் எழுதிய கணினி நிரல்தான், அதைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒருநாள் இடத்தைப் பழையபடி வைத்தேன். அவள் திரையில் கோடு வந்தது. ஓடிப்போய் இயக்குநரை அழைத்து வந்தாள். அதற்குள் மாற்றிவிட்டேன். அவர் முன்னால் அவள் திரையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். அதற்கப்புறமும் சில முறை அப்படிச் செய்தேன்.

கடைசியில் என் அறைக்கு வந்தாள்.

"நிஜமாச் சொல்லுண்ணா. அது நானா உண்டாக்கின கோடா?"

"நீ வேணும்னு செஞ்சிருக்க மாட்டம்மா. ஆசையில கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்."

அந்தப் படலத்தைப் பற்றி எழுதி அனுப்பியிருந்த கட்டுரையை அவளே திரும்பப் பெற்றாள். வேலை போயிற்று, பேரும் கெட்டது. அந்தக் கவலையிலேயே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது வேறு தொலைநோக்கிக்காரர்கள் எடுத்ததில் அந்தப் படலம் பளிச்சென்று தெரிகிறதாம். அதனால்தானே வந்திருக்கிறீர்கள். ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

தங்கை என் வீட்டில்தான் இருக்கிறாள். தன் கண்ணை அவள் இப்போது நம்புவதில்லை. இன்று காலை நான் கிளம்பும்போதுகூட, "அடுப்ப அணைச்சேனான்னு பாருண்ணா" என்றாள். போய்ப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

"எரிஞ்சிட்டிருந்துச்சும்மா. நல்லவேளை, நான் பாத்தேன்" என்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கோடு உண்மைதான் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டாள். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?