இரண்டு நுனியிலும் பசை

கத்திக்கு மர உறை செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. ஒரு கட்டையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கத்தியை வைத்துக் கோடு போட்டு, உள்பக்கம் குடைந்து, பசை போட்டுச் சேர்த்துவிட்டால் ஆயிற்று. ஒட்டு மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். கத்தியின் கூர் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

என் தங்கை புருஷனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கத்தியை உருவும்போது இடது கை விரல்கள் நாலையும் உறையின் கூர்ப்பக்கம் சுற்றிப் பிடிப்பான். நாங்கள் இருவரும் வேலை செய்கிற பொம்மைப் பட்டறையில் எல்லோரும் திட்டியாயிற்று. நானும் சொன்னேன்.

"மாப்ள, ஒட்டு விட்டுச்சுன்னா விரல் போயிடும்."

"நீங்க ஒட்டினது எங்க மச்சான் விடப்போகுது?" என்று சிரித்தான்.

நல்லவன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதினெட்டு வருஷமாகப் பட்டறையில் மரப்பொம்மைகளுக்கு முகம் செதுக்குவது நான்தான். போன வருஷம் என் கை நடுங்க ஆரம்பித்தது. என் பொம்மைகளுக்கு மூக்கு கோணியது. யாருக்கும் தெரியாமல் அவன் அவற்றைச் சரிசெய்து வைத்தான். முதலாளி என்னைப் பாராட்டினார். பக்கத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இந்த வயதில் யாருக்கும் சொல்ல முடியாது.

அவனுக்கு உறை செய்து தந்தேன். இரண்டு நுனியிலும் பசை வைத்தேன். நடுவில் வைக்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் உட்காரட்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

உருவும்போது உறை நடுவில் பிளந்து, அவனுக்கு மூன்று விரல்களில் நரம்பு அறுந்துவிட்டது. கட்டையைப் பிடித்துத் திருப்புகிற கை அது. ஆஸ்பத்திரியில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னண்ணே பண்ணுவ? சொன்னா கேக்கற ஆளா அவரு?" என்று அழுதாள். நான் அவளைத் தேற்றினேன்.

ஆறு மாதம் கழித்து அவன் வேலைக்கு வந்தான். கட்டையை வைஸ் இடுக்கியில் முடுக்கிவைத்துச் செதுக்கினான். முதல் முகமே என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மத்தியானம் என்னிடம் வந்தான்.

"பழைய உறை பிளந்துபோச்சு மச்சான். இன்னொண்ணு செஞ்சு தாங்க. வேற யாரு செஞ்சாலும் எனக்கு நம்பிக்கை வராது."

இடது விரல்கள் மடங்காததால் இப்போதெல்லாம் அவன் இரவல் உறையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் கத்தியை உருவுகிறான். கூர் உடம்பைப் பார்த்திருக்கும். அங்கே ஓடுவது பெரிய ரத்தக்குழாய் என்று ஆஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நானாகத்தான் கேட்டேன்.

இன்று சாயங்காலம் புது உறையை வாங்கிக்கொள்ள அவன் என் வீட்டுக்கு வருவான். அதற்கு முன் அதை இங்கே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உங்கள் மேஜை மேல் இருப்பது அதுதான். நடுவில் நகத்தை விட்டுப் பாருங்கள், பிரியும்.