மூன்று கல் கேட்ட மிஸ்ஸி

தலைவர் அவர்களே! மேடையில் கதிரை கிடைத்த பெரியவர்களே! மண்டபத்துக்குள் வாங்கு கிடைத்த முரசுமோட்டை மக்களே! ஒன்றும் கிடைக்காமல் யன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்கிற என் உறவுகளே! எல்லோருக்கும் வணக்கம். வெளியே நிற்பவர்களுக்கு முதல் வணக்கம். இன்று படமாகி மாலைக்குள் இருக்கிற மருத்துவிச்சி செல்வி விமலேஸ்வரி உயிரோடு இருந்திருந்தால், இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டார். உங்களோடுதான் நின்றிருப்பார்.

சுகாதாரப் பரிசோதகர் சிவராசா இரண்டு வார்த்தை பேசுவார் என்று தலைவர் அறிவித்தார். இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தியாகச் சுடர் என்றீர்கள். வன்னியின் அன்னை என்றீர்கள். ஒருவர் கவிதையே பாடினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விமலேஸ்வரி எதனால் செத்தார் என்று உங்களில் ஒருவராவது சொன்னீர்களா? வாய் வரவில்லையா? நான் சொல்கிறேன். வயிற்றோட்டத்தால் செத்தார். இந்தப் பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்துச் செத்தார். இந்தப் பள்ளிக்கூட அகதி முகாமிலேயே அவருக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் அதே நோயில் போயின. அவர்களுக்கு யாரும் இரங்கல் கூட்டம் வைக்கவில்லை.

மிஸ்ஸி என்று சனம் கூப்பிட்ட விமலேஸ்வரியைத் தெரியாதவர்களும் இங்கே இருப்பீர்கள். அவர் இந்த முரசுமோட்டையின் பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து வயல் செய்த குடும்பம். மருத்துவிச்சியாகப் படித்து வவுனியாவில் வேலைக்கு வந்தார். நானும் அப்போது அங்கேதான். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட சனம், நெளுக்குளத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடிசை போட்டிருந்த காலம். யன்னலுக்கு வெளியே நிற்கிறார்களே, இவர்கள்தான். சைக்கிளை உழக்கிக்கொண்டு முதன்முதல் அவர்களிடம் போன அரசாங்க ஆள் விமலேஸ்வரிதான்.

போனவர் என்ன செய்தார்? எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தார். 'கொதித்தாறிய நீரைப் பருகுவீர்' என்று படம் ஒட்டினார், கூட்டம் வைத்தார், கத்தினார். அவருக்கு நல்ல குரல் வேறு. சனம் தலையாட்டியது. அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் ஒரு வீட்டிலும் தண்ணீர் காயவில்லை. "நாளையிலயிருந்து காய்ச்சிடுறோம் மிஸ்ஸி" என்றார்கள். அந்த நாளை வரவேயில்லை.

இன்னொருவர் என்றால் இந்தச் சனம் திருந்தாது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். நம்மில் பலர் அப்படித்தான் எழுதினோம்! விமலேஸ்வரி என்ன செய்தார்? விடியற்காலையில் போய் இதோ யன்னலுக்கு வெளியே நிற்கிற மீனம்மாவின் வீட்டுக் குசினியில் குந்தியிருந்தார். பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். மீனம்மா எழும்பியதும் முதல் வேலையாக மூன்று கல் அடுப்பை மூட்டிக் கேத்திலை வைத்தா. தேயிலைச் சாயத்தண்ணீர் ஊற்றி, ஆளுக்கு உள்ளங்கையில் கொஞ்சம் சீனி கொடுத்தா. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க ஓடிய காலத்திலும் அந்தத் தேத்தண்ணீரை விட்டதில்லை. கலவரத்தில் வீடு எரிந்த மறுநாளும் விடவில்லையாம்.

"உந்த நெருப்பை ஏன் அணைக்கிறீங்கள்?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"கேத்தில் எறங்கிருச்சே மிஸ்ஸி. வெறும் அடுப்பு எதுக்கு எரியணும்?"

"கேத்தில் இறங்கினால் பானை ஏறட்டும். அவ்வளவுதான். நேரம் பார்க்க வேண்டாம், என்னை நினைக்கவும் வேண்டாம். கேத்தில் இறங்கக் குடிதண்ணிப் பானை ஏறவேணும்."

அவ்வளவுதான்! படமில்லை, கூட்டமில்லை. மீனம்மா செய்தா. அடுத்த வீடு பார்த்துச் செய்தது. மாரி முடிவதற்குள் அந்தக் குடியிருப்பு முழுவதும் கேத்தில் இறங்கப் பானை ஏறியது. குழந்தைகளின் வயிற்றோட்டம் நின்றதை நான் கண்ணால் கண்டேன்.

எனக்கு அவர் அதை விளங்கப்படுத்திய விதம் இன்னும் காதில் இருக்கிறது. "புதுப் பழக்கத்தை ஓடுற பஸ்ஸில ஏத்திவிட வேணும் அண்ணை. அதுக்கெண்டு தனி பஸ் விட்டால் ஆர் ஏறுவினம்?" என்றார். யாராவது "இனிமேல் செய்யிறன்" என்று வாக்குக் கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும். எந்த வேலைக்குப் பின்னால் செய்வாய் என்று கேட்பார். பதில் வரும்வரை படலையை விட்டு நகரமாட்டார். அன்னை என்றீர்களே, அந்த அன்னையின் வாய்க்குப் பயந்து சைக்கிள் மணி கேட்டதும் பின்பக்கத்தால் ஓடியவர்களை எனக்குத் தெரியும். ஓடியவர்கள் சிலர் இன்று மேடையில் இருக்கிறார்கள்.

பிறகு மாற்றமாகி இந்த ஊருக்கே வந்தார்; பின்னால் நானும் வந்தேன். இங்கே யாரைச் சுகப்படுத்தினார்? தலைவர் அப்புத்துரை அவர்களே, நீங்களே சொல்லியிருக்கலாம். நீங்கள் சொல்லாததால் நான் சொல்கிறேன். உங்களுக்கு மலேரியா. குளிசை போட்டால் காய்ச்சல் விடும். காய்ச்சல் விட்டதும் குளிசையை மறப்பீர்கள். மாதம் கழித்துத் திரும்பவும் நடுக்கம். வயலை அடுத்தவர் விதைக்க, நீங்கள் போர்வைக்குள். மிஸ்ஸி வந்து உங்கள் சாமி அறைக்குள் போய், குளிசை மடித்த காகிதச் சரையை விபூதிக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சாமி அறையில இங்கிலீசு மருந்தோ? எடு பிள்ளை வெளியில!" என்று துள்ளினீர்கள்.

அவர் என்ன சொன்னார்? "அப்புத்துரையண்ணை, நீங்கள் மருந்தை மறப்பீங்கள், சோற்றையும் மறப்பீங்கள், விபூதி பூச மறக்கமாட்டீங்கள். பூசின கை காயிறதுக்கு முன்னம் குளிசையைப் போடுங்கோ. சாமி கோவிச்சால் என்னட்டை அனுப்புங்கோ."

போட்டீர்களா இல்லையா? அதற்குப் பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்ததா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்த மண்டபத்தில் விமலேஸ்வரியின் வழி எப்படி வேலை செய்கிறது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதனால்தான் என் வயிறு எரிகிறது.

போன வருடம் நெளுக்குளத்துக் குடிசைகளும் எரிக்கப்பட்டன. மலையில் ஒருமுறை, வவுனியாவில் ஒருமுறை! அந்தச் சனம் காடு வழியாக நடந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. நீங்கள் வரவேற்றீர்கள். அதை நான் மறைக்கமாட்டேன். வீட்டுக்கு வீடு நெல் சேர்த்தீர்கள், சமைக்கப் பெரிய கிடாரம் கொண்டுவந்தீர்கள், நிவாரணக் குழு அமைத்தீர்கள். மூன்று வேளையும் சமைத்துப் போட்டீர்கள். அகதியாக வந்தவர் ஒருவரும் அடுப்பு மூட்டக்கூடாது என்று கட்டளையும் போட்டீர்கள்.

மூன்றாம் நாள் விமலேஸ்வரி குழுவிடம் வந்தார். நானும் கூட வந்தேன். அவர் அரிசி கேட்டாரா? மருந்து கேட்டாரா? குடும்பத்துக்கு மூன்று கல்லும், ஒரு கேத்திலும், கொஞ்சம் தேயிலையும் கேட்டார். மதிலோரம் அடுப்பு வைக்கலாம், புகை மண்டபத்துக்கு வராது என்று இடமும் காட்டினார். சோறு உங்கள் கிடாரத்திலேயே இருக்கட்டும், விடியற்காலைத் தேத்தண்ணீரை மட்டும் அவரவர் வைக்கட்டும் என்றார்.

தலைவர் சொன்ன பதில் இது: "எங்கட ஊருக்கு வந்த சனம் கல்லடுப்பு மூட்டிக்கொண்டு குந்தியிருந்தால் அயலூரான் என்னெண்டு கதைப்பான்? முரசுமோட்டையானுக்குச் சோறு போட வக்கில்லையெண்டு கதைப்பான். எங்கட மானம் போறதோ பிள்ளை?"

குழுவில் இன்னொருவர், பெயர் வேண்டாம், பக்கத்தில்தான் இருக்கிறார், கேட்டார்: "தோட்டத்துச் சனத்துக்குத் தேத்தண்ணி இல்லாட்டி விடியாதோ?"

"விடியாது. உங்களுக்குச் சுருட்டு இல்லாமல் விடியுதோ?" என்று கேட்டுவிட்டு எழும்பினார் விமலேஸ்வரி.

தண்ணீருக்கு நீங்கள் ஒரு பீப்பா வைத்தீர்கள். 'கொதித்தாறிய நீர்' என்று அழகாக எழுதினீர்கள். சில நாள் சமையற்காரர் காய்ச்சி ஊற்றினார். மழை வந்தது, விறகு நனைந்தது, சோற்றுக்கே நெருப்புப் போதவில்லை. பீப்பாவுக்குக் கிணற்றுத் தண்ணீரே வந்தது. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. யாராவது கவனித்தோமா? எல்லோருக்கும் பொதுவான பானையை யார் கவனிப்பார்? மீனம்மாவைக் கேட்டேன். நெளுக்குளத்தில் ஒருநாளும் தவறவிடாதவ, இங்கே ஏன் விட்டா?

"வீட்டுல அடுப்பு மூட்டுனா எல்லாம் தன்னால ஞாபகம் வரும்யா. இங்க கோப்பையத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கிறவளுக்கு என்னா ஞாபகம் வரும்?" என்றா.

இதுதான் நடந்தது, பெரியோர்களே! அந்தச் சனம் பழக்கத்தை மறக்கவில்லை. பழக்கம் தொங்கிக்கொண்டிருந்த கொம்பை நாங்கள் வெட்டினோம். அன்போடு வெட்டினோம், மானத்துக்காக வெட்டினோம், சோறு போட்டுக்கொண்டே வெட்டினோம்!

நோய் பரவியதும் மிஸ்ஸி தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து தங்கினார். நோயாளிகளைக் கிடத்திய ஓலைக் கொட்டிலில் பாய் போட்டுக்கொண்டு இரவும் பகலும் பார்த்தார். அவரும் விழுந்தபோது சேலைன் கையிருப்பில் இல்லை, வீதி மூடியிருந்தது. வயல் பாதையால் உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் பக்கத்தில் இருந்தேன். கடைசியில் ஏதோ பெரிய வசனம் சொன்னார் என்று நினைக்கிறீர்களா? அவர் சொன்னது இது:

"வெக்கமாக் கிடக்கு அண்ணை. எனக்கே மறந்துபோச்சு. வீட்டில விடிய எழும்பிக் கேத்தில் வைப்பன், அது இறங்க என்ர தண்ணியை வைப்பன். இங்க வந்த நாள் துவக்கம் அடுப்பில்லை. கிணத்தடியில நிண்ட வாக்கில வாளியோட குடிச்சிட்டன். குடிச்சு முடிஞ்ச பிறகுதான் நினைவு வந்தது. இனி அந்தச் சனத்தை ஏசாதேங்கோ."

வாய்க்கால் கட்டு தாண்டுமுன் போய்விட்டார்.

கேட்டீர்களா? ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த விமலேஸ்வரிக்கே அடுப்பில்லாமல் நினைவு வரவில்லை! அப்படியானால், வயிற்றால் போகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற தாய்க்கு எப்படி வரும்? வராது. நேற்றும் இரண்டு குழந்தைகள் வயிற்றோட்டத்தில் படுத்துவிட்டார்கள். ஒன்று மீனம்மாவின் பேத்தி. அந்தப் பிள்ளை இப்போது, நாம் இங்கே கவிதை கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், கொட்டிலில் கிடக்கிறது.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது என்ன? மிஸ்ஸியின் படத்தை மண்டபத்தில் மாட்டுவது. அவர் பெயரால் அன்னதானம். அதே கிடாரத்தில்! பிறகு எல்லோரும் எழுந்து நின்று, அவர் பணியைத் தொடர்வோம் என்று கை நீட்டி உறுதிமொழி. எனக்கு அந்த உறுதிமொழி வேண்டாம். கை நீட்டிச் சொன்ன வாக்கு மண்டப வாசலோடு விழுந்துவிடும் என்று அவரோடு வேலை செய்த எனக்குத் தெரியும்.

தலைவர் அவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கெட்டவரில்லை. இந்த ஊரில் உங்களைப்போல் அள்ளிக்கொடுத்தவர் இல்லை. அந்த ஒரு கட்டளையை இந்தச் சபை முன்னால் எடுத்துவிடுங்கள். அவரவர் அடுப்பை அவரவர் மூட்டட்டும். ஓம் என்று ஒரு சொல் சொல்லுங்கள். ஒலிவாங்கியை உங்கள் பக்கம் திருப்புகிறேன். சொல்லுங்கள்.

என்ன சொன்னீர்கள்? குழு கூடி முடிவெடுக்குமா?

வெளியே நிற்பவர்களுக்குக் கேட்டிருக்காது. தலைவர் சொல்கிறார், குழு கூடி முடிவெடுக்குமாம். நல்லது. குழு கூடட்டும். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு ஆறுதலாகக் கூடட்டும்.

நான் அரசாங்க உத்தியோகத்தன். இந்த முகாமின் சுகாதாரத்துக்கு நான் பொறுப்பு. ஒவ்வொரு குடும்பமும் தன் அடுப்பில் தண்ணீர் காய்ச்ச வேண்டும் என்று இப்போது, இந்த இடத்தில், உத்தரவு போடுகிறேன். தடுக்கிறவர் யாராயிருந்தாலும் என் பெயரைச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதலாம். விமலேஸ்வரிக்கு நான் செலுத்துகிற அஞ்சலி இவ்வளவுதான்.

மீனம்மா, நீங்கள் அழுதது போதும். வாய்க்கால் கட்டில் நல்ல கல்லுக் கிடக்குது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு நடவுங்கோ, நானும் வாறன். பெரியோர்களே, நீங்கள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துங்கள். நாங்கள் கல் பொறுக்கப் போகிறோம்.