ஊசி இறங்காத விரல்

ஹலோ... ஹலோ, அக்கா, நான்தான். லேப்ல இருந்து பேசறேன்... ஆமா, ஆமா, உங்க ரிப்போர்ட் வந்துடுச்சு... ஐயோ, பதறாதீங்க, ஒண்ணும் இல்ல. சர்க்கரை இல்ல. ரத்தம்தான் கொஞ்சம் கம்மி... ஆமா, மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்... அதைச் சொல்லக் கூப்பிடல.

இல்ல, இல்ல, அத்தைக்கும் ஒண்ணும் இல்ல. உங்க கொழுந்தனுக்கும் ஒண்ணும் இல்ல, ஆபீஸ்ல உக்காந்து நல்லா டீ குடிச்சிட்டு இருப்பார்... நீங்க எங்க இருக்கீங்க? ஸ்டாஃப் ரூம்லயா? பக்கத்துல டீச்சருங்க இருக்காங்களா?... அப்போ கொஞ்சம் வெளிய வாங்க. வராண்டாவுக்கு... வாங்களேன், சொல்றேன்.

வந்தாச்சா?... சரி.

காலையில உங்க விரல்ல ஊசி குத்தினேன்ல... ஆமா, ரெண்டு தடவை. அதைத்தான் கேக்கறேன். ஏன் ரெண்டு தடவை குத்தினேன்னு தெரியுமா உங்களுக்கு?... என் கை நடுங்குச்சா? நல்லா இருக்கே கதை! பொறந்த குழந்தைக்கே ஒரே குத்துல எடுக்கறவ நான். என் கை நடுங்கல. உங்க விரல்ல ஊசி இறங்கல.

ஆமாக்கா, இறங்கல. இடது கை மோதிர விரல். முனை வழுக்கிட்டுப் போகுது. தோலா அது, செருப்போட அடிப்பாகம் மாதிரி... சிரிக்காதீங்க. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

நீங்கதான் ஊசின்னா கண்ணை இறுக்கி மூடிட்டு மூஞ்சியத் திருப்பிக்குவீங்களே. அந்த நேரத்துல நான் உங்க நாலு விரலையும் தடவிப் பார்த்தேன். கிளவுஸ் போட்டுட்டுத்தான். அதுக்கு மேலயே தெரியுது. நாலு நுனியும் காய்ச்சுப் போயிருக்கு. நடுவுல கோடு கோடா பள்ளம்.

...

காய் நறுக்கினதுலயா? கத்தி பிடிக்கறது வலது கை... சாக்பீஸா? நீங்க இடது கையிலயா போர்டுல எழுதறீங்க?... சரி, பாத்திரம் தேய்ச்சதுல. அக்கா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் உங்களைப் பார்க்கறேன். நீங்க என்னைக்குப் பாத்திரம் தேய்ச்சீங்க? நம்ம ரெண்டு பேரும் ஓரகத்தி, உங்க அடுப்படி எனக்குத் தெரியாதா?

ஒரு நிமிஷம் இருங்க... ஐயா, பஞ்சை எடுக்காதீங்க. அமுக்கிப் பிடிங்க. இன்னும் நிக்கல பாருங்க... ஆ, அப்படியே உக்காருங்க... சொல்லுங்க அக்கா.

கிட்டார்ல நைலான் கம்பியிலயும் தோல் தடிக்கும், தெரியும். எனக்கும்தான் லேசா இருக்கு. ஆனா நைலான் கம்பி இப்படிக் கோடு கிழிக்காது. இது ஸ்டீல். நான் கிட்டார்ல வேணா கத்துக்குட்டி, தோல் விஷயத்துல இல்ல. தினம் எத்தனை விரலைத் தொடறேன் நான்... சொல்லுங்க. ஸ்டீல் கம்பிதானே?

...

ஹலோ... கேக்குதா?... கேக்குதுன்னா பதில் சொல்லுங்க.

...

ம்.

ம்... ஆமாவா. சரி. அதை முதல்லயே சொல்லியிருக்கலாம், சாக்பீஸ், பாத்திரம்னு சுத்தாம.

இல்ல, கோவம் இல்ல... கோவம் இல்லன்னு சொல்றேன்ல! கிட்டார் வாங்கின அன்னிக்குக் கடையில நாம என்ன பேசினோம், ஞாபகம் இருக்கா? சுவர்ல அந்த ஸ்டீல் கிட்டார் மாட்டியிருந்துச்சு. நான் எடுத்து மடியில வெச்சு ஒரே ஒரு தடவை தட்டினேன். என்ன சத்தம் அது! கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். நீங்கதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘வேணாம்மா, உன் பொழப்பே விரல் நுனியில இருக்கு, காய்ச்சுப் போச்சுன்னா நரம்பு எப்படித் தேடுவ’ன்னு சொன்னீங்க. நான் இடது ஆள்காட்டி விரலாலதான் நரம்பு தேடுவேன்னுகூட உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எனக்கு அப்படியே கண்ணு கலங்கிடுச்சு. நம்ம மேல இவ்வளவு அக்கறையான்னு.

‘நீ ஸ்டீல் தொடாத, நானும் தொடமாட்டேன். ரெண்டு பேருக்கும் நைலான்தான்’... சொன்னீங்களா இல்லையா?... ஆமா. சொன்னீங்க. ரெண்டு பேரும் ஒரே மாடல். உங்களுக்குத் தேன் கலர், எனக்குக் கறுப்பு.

சரி, எப்ப வாங்கினீங்க ஸ்டீல்?... வாங்கலையா? பின்ன யாரோடது?... யாரு?... பல் டாக்டரா? உங்க மேல் வீட்டுப் பல் டாக்டரா?

அவர்கிட்ட எதுக்கு... இருங்க. அவர்தானே சனிக்கிழமை நிகழ்ச்சி நடத்தறவர்? உங்க அபார்ட்மெண்ட் ஹால்ல. நாம ரெண்டு பேரும் வாசிக்கறதா இருந்துச்சே... அதுதான் ரத்தாயிடுச்சே, அப்புறம் எதுக்கு அவர் உங்களுக்குக் கிட்டார்...

அக்கா.

நிகழ்ச்சி ரத்தாகலையா?

...

அக்கா, ரத்தாயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஹால் கிடைக்கலன்னு. நீங்க அழற மாதிரி பேசினீங்க. நான் உங்களுக்கு ஆறுதல் சொன்னேன்! ‘விடுங்கக்கா, அடுத்த தடவை பார்த்துக்கலாம், அதுக்குள்ள கிட்டார்ல அந்தக் கஷ்டமான எஃப் கார்டும் நமக்கு விரல்ல ஒழுங்கா வந்துடும்’னு. போட்ட லீவை வேணாம்னு திரும்ப எழுதிக் குடுத்தேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்...

என்னம்மா? ரிசல்ட்டா? நாலு மணிக்கு மேல வாங்க. கவுண்டர்ல குடுப்பாங்க... இல்லம்மா, எனக்குத் தெரியாது, டாக்டர்தான் சொல்லணும்... ம், சொல்லுங்க.

பல் டாக்டரே கூப்பிட்டாரா? சரி, கூப்பிட்டார். அவங்க குரூப்புக்கு ஒரு ஆள்தான் வேணும்னாரு. சரி. ஒரு ஆள்னா நீங்க போங்க, நான் என்ன குறுக்கயா படுக்கப்போறேன்? ‘எனக்கு இடம் கிடைச்சிருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொன்னா நானே முதல் வரிசையில உக்காந்து கை தட்டியிருப்பேன். ஏன் மறைச்சீங்க?... சும்மா ‘என்னவோ தோணுச்சு’ன்னா? என்ன தோணுச்சு?

இருங்க. அவர் நீங்க வாசிச்சு எங்க கேட்டார்?... எதைக் கேட்டார்?... நம்ம ரெக்கார்டிங்கா? உங்க வீட்டுல ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணிட்டு, அந்தச் சத்தம் விழக்கூடாதுன்னு, போனை டம்ளர்ல நிறுத்தி வெச்சுப் பதிவு பண்ணமே, அதுவா?

ம்... அது நல்லா வந்துச்சு, ஆமா. அவருக்குப் பிடிச்சுதா... சந்தோஷம்.

ஆனா அதுல ரெண்டு கிட்டார் இருக்கு. நீங்க எல்லாக் கம்பியையும் சேர்த்துக் கார்ட்ஸ் அடிக்கறீங்க. நான் ஒவ்வொரு கம்பியாத் தட்டி ட்யூன் வாசிக்கறேன். கார்ட்ஸ் அடிக்கத்தான் அவரே இருக்காரே?... அப்போ அவருக்கு வேண்டியது ட்யூன் வாசிக்கிற ஆளு.

அது யாருன்னு உங்களைக் கேட்டாரா?

...

கேட்டாரா இல்லையா?... நீங்க என்ன சொன்னீங்க?

...

என்ன சொன்னீங்க அக்கா?

...

நீ என்னடி சொன்ன அவர்கிட்ட!

...

மன்னிச்சுக்கோங்க. வாய் தவறிடுச்சு... இல்ல. தவறல. இருக்கட்டும்.

நீங்கதான்னு சொல்லிட்டீங்க. நான் வாசிச்ச கிட்டாரை நீங்க வாசிச்சதுன்னு சொல்லிட்டீங்க.

...

ஓ. ஓ, இப்பப் புரியுது. அதனாலதான் தினம் சாயங்காலம் போன் பண்ணினீங்களா? ‘அந்த மூணாவது வரியில மோதிர விரலா, சுண்டு விரலா? கட்டை விரல் எப்ப விழுது? கொஞ்சம் மெதுவா வாசிச்சுக் காட்டேன்’... நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பாவம் அக்கா, நிகழ்ச்சி போயும் ஆசை போகல பாருன்னு. ஸ்பீக்கர்ல போட்டு, கிட்டாரை மடியில வெச்சு, ஒவ்வொரு விரலாச் சொல்லிக் குடுத்தேனே! அடுப்புல வெச்ச பால் பொங்கி வழிஞ்சுது ஒரு நாள். ‘பரவால்ல, நீங்க கேளுங்க’ன்னேன். என் இடத்துக்கு வர்ற ஆளுக்கு நானே ட்யூஷன் எடுத்திருக்கேன். இந்தக் கூத்தை வெளிய சொன்னா சிரிப்பாங்க.

...

என் நல்லதுக்கா? அது எப்படி?... ‘அங்க ஸ்டீல்தான் வாசிக்கணும், உன் விரல் கெட்டுப் போயிடும், நீ எப்படியும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்ப.’ சரி, சொல்லியிருப்பேன். இல்ல, சொல்லாமயும் இருந்திருப்பேன். அழுதிருப்பேன், உங்க கொழுந்தனைப் பிடிச்சுக் கத்தியிருப்பேன், நைலான்லயே வாசிக்கறேன்னு டாக்டர் கால்ல விழுந்திருப்பேன். என்னவோ பண்ணியிருப்பேன்! அது என் ‘மாட்டேன்’ அக்கா. என் வாயில இருந்து வர வேண்டியது. அதை நீங்க எப்படிச் சொல்லலாம்?

என் விரல் பூ மாதிரி இருக்கணும். எதுக்கு? உங்களுக்கு ஒரே குத்துல ரத்தம் எடுக்கறதுக்கு... ஆமா, அப்படித்தான் பேசுவேன். இன்னிக்கு அப்படித்தான் பேசுவேன்.

...

ம்.

ம்... சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்.

ஆமா, தெரியும். பள்ளிக்கூடத்துல உங்களை ஒருத்தரும் மதிக்கறதில்ல, உங்க வீட்டுல மாமா நீங்க வாசிச்சா டிவி சத்தத்தைக் கூட்டறார். எனக்குத் தெரியாதா? அதெல்லாம் என்கிட்டதானே சொல்லி அழுதீங்க... முதல் தடவையா ஒருத்தர் ‘பிரமாதம்’னு சொன்னார். நீங்க இல்லன்னு சொல்ல மனசு வரல. புரியுது... புரியுது அக்கா. ஆனா அந்தப் ‘பிரமாதம்’ என்னோடது. என்கிட்டயும் இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. அது என்னைத் தேடி வந்து, உங்க வீட்டு வாசல்லயே நின்னு போச்சு.

...

என்னது?

என்னது, திரும்பச் சொல்லுங்க?... இப்பவா? இப்ப இதைக் கேக்கறீங்களா? உங்களுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி அக்கா, நிஜமாச் சொல்றேன்.

அந்த மணிச் சத்தமா? கிட்டார் கழுத்துல ஏழாவது ஃப்ரெட் கட்டையில, ட்யூன் திரும்பற இடத்துல, ‘டிங்’னு தனியா ஒண்ணு கேக்குமே, அதா?... டாக்டர் அதைத்தான் கேக்கறாரா? தினமுமா?... ‘ரெக்கார்டிங்ல வந்துச்சே, இப்ப ஏன் வரல’ங்கறாரா?

...

ஐயோ கடவுளே... இல்ல, சிரிக்கல. சிரிப்பு வருது, சிரிக்கல.

அக்கா, அது தப்பு. நான் செஞ்ச தப்பு. விரலை அழுத்தும்போது நுனிச் சதை பிதுங்கிப் பக்கத்துக் கம்பியில லேசாப் பட்டுடுச்சு. என் விரல் மெத்துனு இருக்கறதால பட்டுடுச்சு. அன்னிக்கே நான், ‘தப்பு விழுந்துடுச்சு, இன்னொரு தடவை வாசிக்கறேன்’னேன். நீங்கதான் ‘ஃப்ரிட்ஜ்ல பால் கெட்டுடும், விடு’ன்னீங்க.

மறைக்கல. சத்தியமா மறைக்கல... அதுக்குன்னு விரல் வைக்கிற முறை எதுவும் இல்ல, சொல்லித் தர. எங்க சொல்லித் தர்றது? உங்க விரல்ல சதையே எழும்ப மாட்டேங்குது. ஊசியே இறங்கலயே அக்கா.

...

அழாதீங்க.

...

அழாதீங்கன்னு சொல்றேன்ல. வராண்டாவுல நின்னு அழுதா பிள்ளைங்க பார்க்கும்... அழ வேண்டியவ இங்க ஒருத்தி கல்லு மாதிரி நின்னுட்டு இருக்கேன். வெளிய ஆள் வரிசையா உக்காந்திருக்கு, எனக்கு அழ ஏது நேரம்?

இல்ல... அவர்கிட்ட நான் போய்ச் சொல்ல மாட்டேன். உங்க மானம் போனா நம்ம வீட்டு மானம்... நீங்க சொல்றீங்களா, வேணாமா, அது உங்க பாடு. நான் கேக்க மாட்டேன்.

வருவேன். ஏன் வரமாட்டேன்? ஞாயித்துக்கிழமை அத்தை வீட்டுக்கு எப்பவும் போல வருவேன். நான் வெங்காயம் உரிக்கறேன், நீங்க அடுப்பைப் பாருங்க. மாமாவுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சோறு போடுவோம், சிரிப்போம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்... ஆமா. பேசுவேன். உங்ககூடப் பேசாம எங்க போறது, நல்லது கெட்டது எல்லாத்துக்கும் நீங்கதானே நிப்பீங்க.

இருங்கம்மா, வந்துட்டேன். குழந்தையை மடியில உக்கார வெச்சுக்கோங்க... வெக்கணும் அக்கா, ஆள் வந்துட்டாங்க.

மாத்திரை சீட்டை உங்க கொழுந்தன்கிட்ட குடுத்து விடறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் சாப்பிடுங்க. டீயோட சாப்பிடாதீங்க, உடம்புல ஒட்டாது... ம்... ம்.

அக்கா... சாயங்காலம் போன் பண்ணாதீங்க.

...

இல்ல, நாளைக்கும் வேணாம். அந்த நேரத்துல நான் வாசிச்சுட்டு இருப்பேன். வெக்கிறேன்.